இயங்குதளம் புதிது, லேன் இணைப்பு இல்லை

கணினியின் இயங்குதளத்தை அப்கிரேடு செய்து முடித்தாயிற்று. திரை புதுப்பொலிவோடு வருகிறது, கோப்புகள் போட்டது போட்ட இடத்திலேயே இருக்கின்றன, பிரின்டர்கூட ஓடுகிறது. பின்பக்கம் செருகியிருக்கும் லேன் ஒயர் வழியாக நெட் மட்டும் வரவில்லை. நேற்றுவரை வந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் பலரும் உடனே இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போடுகிறார்கள். அவர் வந்து பார்த்து "லைன் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனதும், கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். கோளாறு எங்கே என்று யாரும் கேட்காமலே வைத்தியம் நடந்து முடிகிறது. அதற்கு அவசியமே இல்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். அப்கிரேடு நேராகவோ சுற்றிவளைத்தோ பாதிக்கக்கூடிய இடங்கள் சிலவே. ஒயர் இணைப்பு, லேன் கார்டின் டிரைவர், ஐபி முகவரி, இடையில் உட்கார்ந்திருக்கும் விபிஎன், ஆன்டிவைரஸ் போன்ற மென்பொருள்கள், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்று அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. எந்த அடுக்கு பழுதுபட்டாலும் அது தனக்கே உரிய அடையாளத்தைக் காட்டும். கீழிருந்து மேலாக அந்த அடையாளங்களைப் பார்த்துக்கொண்டே போய், தடை எங்கே என்று தெரிந்த பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

இப்படி வரிசைபிடித்துப் பார்ப்பது தேவைதானா என்று கேட்பவர்கள், முந்தைய ஆண்டுகளில் நடந்தவற்றைக் கவனிக்க வேண்டும். 2015-இல் விண்டோஸ் 10 வெளியானபோது, 8.1-இலிருந்து அதற்கு மாறியவர்களில் சிலருக்கு லேன், வைஃபை இரண்டுமே போயின. பழைய விபிஎன் மென்பொருள் விட்டுவைத்திருந்த ஒரு வடிகட்டி டிரைவர்தான் காரணம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்து, அதை நீக்கும் கட்டளைகளையும் வெளியிட்டது. 2016 டிசம்பரில் விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றால் ஐபி முகவரியைப் பெற முடியாமல் போனது. பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ் முறிந்து விழுந்ததே அதற்குக் காரணம். டிசம்பர் 13-ஆம் தேதி வந்த அப்டேட் அதைச் சரிசெய்தது. 2019 ஜூலையில் டெபியன் லினக்ஸின் 10-ஆம் பதிப்பு வெளியானபோது, அதன் வெளியீட்டுக் குறிப்பே ஓர் எச்சரிக்கையைத் தந்தது. லேன் கார்டுக்குப் பழைய முறையில் பெயர் சூட்டும் கோப்புக்கு இனி ஆதரவு கிடையாது, முன்கூட்டியே மாற்றிக்கொள்ளாவிட்டால் அப்கிரேடுக்குப் பின் கணினி நெட்ஒர்க்கை இழக்கக்கூடும் என்றது அந்தக் குறிப்பு. மூன்றிலும் பயனாளர் சொல்லும் புகார் ஒன்றேதான்: நெட் வரவில்லை. கோளாறு இருந்த இடமோ முதலாவதில் வடிகட்டி, இரண்டாவதில் முகவரி, மூன்றாவதில் பெயர். லேன் கார்டின் டிரைவரை எத்தனை முறை மாற்றிப் போட்டிருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தீர்ந்திருக்காது.

அப்கிரேடின்போது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போகும்போது, பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறைக்குள் ஒதுக்கப்படுகிறது. புதிய இயங்குதளம் முழுதாக நிறுவப்பட்டு, பழையதிலிருந்த மென்பொருள்களும் அமைப்புகளும் அதற்குள் கொண்டுவரப்படுகின்றன. வன்பொருள்கள் புதிதாக அடையாளம் காணப்பட்டு, கையிருப்பில் உள்ள டிரைவர் அவற்றுக்குப் பொருத்தப்படுகிறது. லினக்ஸில் அதன் மையக்கருவான கெர்னல் மாறுகிறது. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தவை என்பதால் அவையும் மாறுகின்றன. கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சரியான டிரைவர் அமையாவிட்டால், நெட்டிலிருந்து இறக்கிப் பொருத்திக்கொள்ளலாம். லேன் கார்டுக்கு டிரைவர் அமையாவிட்டால் அந்த இறக்கும் வழியே அடைபட்டுவிடுகிறது. மற்ற சாதனங்களுக்கு இல்லாத இந்தச் சிக்கல்தான் ஒரு சின்னக் கோளாறைக்கூட ஃபார்மட்வரை கொண்டுபோய் விடுகிறது.

முதலில் ஒயரைப் பார்ப்போம். "ஒயரை யாரும் தொடவே இல்லையே, மென்பொருளைத்தானே மாற்றினோம்?" என்ற கேள்வி நியாயமானது. கணினியின் பின்பக்கம் லேன் ஒயர் செருகும் துளையை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் அங்கே இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். பொதுவாக ஒன்று, ஒயரின் மறுமுனையோடு தொடர்பு கிடைத்துவிட்டது என்பதற்காக நிலையாக எரியும். மற்றொன்று தகவல் போய்வரும்போது மினுக்கும். இரண்டும் எரியவில்லை என்றால் ஒயர், ரூட்டர் துளை, டிரைவர் ஆகிய மூன்றில் ஒன்று பழுதாக இருக்கலாம். ஒயரை ரூட்டரின் வேறு துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள். வேறு ஒயர் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். நிலையாக எரிய வேண்டிய விளக்கு எரிந்து அணைந்து மறுபடி எரிந்தபடி இருந்தால் கூடுதல் கவனம் தேவை. லேன் ஒயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உள்ளன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1 கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கிகாபிட்டுக்கு மட்டும் தேவைப்படும் ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போன ஒயரில்கூட, வேகத்தை 100 என்று கட்டிவைத்திருந்தால் நெட் வருடக்கணக்கில் ஓடும். அப்கிரேடில் டிரைவர் புதிதாகப் பொருத்தப்படும்போது அந்த அமைப்பு 'ஆட்டோ' நிலைக்குத் திரும்பிவிடலாம். கார்டு கிகாபிட்டுக்கு முயன்று தோற்று, மறுபடி முயலும். ஒயரைத் தொடாமலே ஒயரின் பழைய குறை வெளியே வருவது இப்படித்தான். டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் பண்புகளைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ஸ்பீட் அண்டு டூப்ளெக்ஸ்' என்பதை 100 மெகாபிட் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று வைத்துப் பாருங்கள். இணைப்பு நிலைத்துவிட்டால் மாற்ற வேண்டியது ஒயரை.

விளக்கு எரிகிறது, நெட் இல்லை என்றால் அடுத்தது டிரைவர். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'நெட்ஒர்க் அடாப்டர்ஸ்' என்ற பிரிவு இருக்கும். அங்கே உங்கள் லேன் கார்டின் பெயர் மஞ்சள் முக்கோணக் குறியோடு இருந்தாலோ, பெயரே இல்லாமல் 'அதர் டிவைசஸ்' பிரிவில் 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்று மட்டும் இருந்தாலோ, தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. அதை இருமுறை கிளிக் செய்தால் ஒரு குறி எண் தெரியும். 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. 10 என்றால் டிரைவர் இருந்தும் கார்டு தொடங்கவில்லை. கார்டு யார் தயாரிப்பு என்று தெரியாவிட்டால் அதே சாளரத்தின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வரும் நீண்ட வரியில் 'வென்' என்பதை அடுத்து 10இசி என்றிருந்தால் ரியல்டெக், 8086 என்றிருந்தால் இன்டெல். 'டெவ்' என்பதை அடுத்து வருவது மாடல் எண். கணினியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைவிட இந்த வரி நம்பகமானது. எந்த டிரைவரைத் தேட வேண்டும் என்பதில் ஐயத்துக்கே இடம் வைக்காது.

டிரைவரை நெட் இல்லாமல் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனின் சார்ஜர் ஒயரால் போனைக் கணினியோடு இணைத்து, போனின் அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். ஒயர் வெறும் சார்ஜ் ஒயராக இல்லாமல் தகவலும் கடத்துவதாக இருக்க வேண்டும். விண்டோஸும் லினக்ஸும் போனை ஒரு லேன் கார்டு போலவே எடுத்துக்கொள்ளும்; பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது. பல போன்கள் வைஃபை இணைப்பையும் இப்படிக் கடத்தித் தரும் என்பதால் மொபைல் டேட்டாவைச் செலவழிக்க வேண்டியதில்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. அதே ரூட்டரின் வைஃபையைப் பிடித்த போன் வழியாகக் கணினிக்கு நெட் வந்துவிட்டால், லைன் சரி, ரூட்டர் சரி, பிரவுசர் சரி, டிஎன்எஸ்ஸும் அநேகமாகச் சரி என்று ஒரே அடியில் தெரிந்துவிடுகிறது. மிச்சமிருப்பது லேன் கார்டும் அதன் ஒயரும் அமைப்புகளும்தான். இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போடும் முன் இந்தச் சோதனையைச் செய்தால் ஒரு நாள் காத்திருப்பு மிச்சம்.

டிரைவரை மதர்போர்டு அல்லது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ, ரியல்டெக், இன்டெல் தளங்களிலிருந்தோ எடுங்கள். எல்லா டிரைவரையும் தானே புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எதைப் பொருத்தின என்று பிறகு கண்டுபிடிப்பதே தனி வேலை. புதிய டிரைவர்தான் சிறந்தது என்ற நம்பிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. அப்கிரேடில் வந்த புதிய டிரைவரே சிலசமயம் கோளாறுக்குக் காரணம் என்பதால்தான் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் வைத்திருக்கிறார்கள். அப்கிரேடுக்குப் பிறகு அந்தப் பொத்தான் மங்கலாகக் கிடந்தால், 'அப்டேட் டிரைவர்' வழியாகப் போய், கணினியில் தேடும் தேர்வைக் கொடுத்து, பட்டியலிலிருந்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்ற வரியை அழுத்துங்கள். அதே கார்டுக்குப் பொருந்தும் வேறு பதிப்புகள் கையிருப்பில் இருந்தால் அங்கே வரிசையாக வரும்.

கார்டில் குறையில்லை என்றால் முகவரிக்கு வருவோம். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழ் ஐபிவி4 முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் ரூட்டர் முகவரி கொடுத்துவிட்டது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால், கணினி கேட்ட கேள்விக்கு ரூட்டரிலிருந்து பதில் வராததால் அது தானாக ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கதவில் தானே ஓர் எண்ணை எழுதி ஒட்டிக்கொண்டால் தபால்காரர் எப்படி வருவார்? இந்தக் கட்டத்தில் ஈதர்நெட் ஸ்டேட்டஸ் சாளரத்தையும் பார்த்துவிடுங்கள். அனுப்பிய பைட்டுகள் ஏறிக்கொண்டே போக, பெற்ற பைட்டுகள் பூஜ்யத்திலேயே நின்றால் கணினி பேசுகிறது, பதில் மட்டும் உள்ளே நுழையவில்லை.

2016 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தந்த தற்காலிக ஆலோசனை எளிமையானது: கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஷட்டவுன் செய்யாதீர்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் ஷட்டவுன் என்பது முழு நிறுத்தம் ஆகாது. கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும். கெட்டுப்போன நிலையும் கூடவே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் தூங்கவைத்துவிட்டுப் போன லேன் கார்டை லினக்ஸால் எழுப்ப முடியாமல் போவது உண்டு; ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவைப்பதே அதற்குத் தீர்வு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இங்கே தனியாக இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் ரூட்டரே இல்லாமல், உள்ளூர் கேபிள் வழியாக வரும் ஒயரை நேரே கணினியில் செருகி, யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து 'பிராட்பேண்ட் கனெக்‌ஷன்' என்ற ஐகானை அழுத்தி நெட் எடுக்கும் வீடுகளும் சிறு அலுவலகங்களும் இன்னும் உள்ளன. இந்த முறைக்குப் பிபிபிஓஇ என்று பெயர். இங்கே ஈதர்நெட்டின் கீழ் 169.254 என்று காட்டினால் அது கோளாறே அல்ல. டயல் செய்து உள்ளே போன பிறகு கிடைக்கும் முகவரிதான் கணக்கு. அப்கிரேடில் அந்த ஐகான் போயிருந்தால் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். டயல் செய்யும்போது 691 என்ற பிழை எண் வந்தால் யூசர்நேமோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. 651 வந்தால் மறுமுனையோடு பேச்சே நடக்கவில்லை; மறுபடி கீழே இறங்கி ஒயரையும் டிரைவரையும் பார்க்க வேண்டும். இரண்டாவது விஷயம் லேன் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி. உள்ளூர் இணைப்பாளர்கள் சிலர் உங்கள் லேன் கார்டின் மேக் முகவரியைத் தங்கள் பக்கம் பதிந்துவைத்து, அந்தக் கார்டுக்கு மட்டுமே நெட் விடுகிறார்கள். அப்கிரேடுக்குப் பின் லேன் வரவில்லையே என்று யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகினால், அதன் மேக் முகவரி வேறு என்பதால் அதிலும் நெட் வராது. இரண்டு கார்டும் பழுது என்று முடிவுகட்டிவிடாமல், புதிய மேக் முகவரியைப் பதிந்துகொள்ளும்படி அவர்களிடம் சொல்லுங்கள். அந்த முகவரி 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கட்டளையில் 'ஃபிசிகல் அட்ரஸ்' என்ற வரியில் இருக்கும்.

அலுவலகக் கணினிகளில் இன்னொன்றும் நடக்கும். கையால் எழுதிவைத்த நிலையான ஐபி முகவரி, டிரைவர் புதிதாகப் பொருத்தப்படும்போது காணாமல் போகலாம். விண்டோஸ் அதைப் புதிய கார்டு என்று எண்ணி, 'ஈதர்நெட் 2' என்ற பெயரில் தானியங்கி அமைப்போடு வைத்துவிடும். பழைய அமைப்பு, கண்ணுக்குத் தெரியாத பழைய கார்டின் பெயரிலேயே தங்கிவிடும். டிவைஸ் மேனேஜரின் 'வியூ' மெனுவில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் சொன்னால் அந்தப் பழைய பெயர் மங்கலாகத் தெரியும். அதை நீக்கிவிட்டு, முகவரியைப் புதியதில் எழுத வேண்டும்.

முகவரி சரியாக இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால், கார்டுக்கும் பிரவுசருக்கும் நடுவில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். ஈதர்நெட்டின் 'ப்ராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் டிக் செய்யப்பட்ட வரிகளாக ஒரு பட்டியல் இருக்கும். அதில் விண்டோஸுக்குச் சொந்தமானவை தவிர, ஆன்டிவைரஸ், விபிஎன், விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்கள் சேர்த்த வரிகளும் இருக்கலாம். போகிற வருகிற ஒவ்வொரு பொட்டலமும் இவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். இயங்குதளம் மாறி, இவற்றில் ஒன்று புதியதோடு ஒத்துப்போகாவிட்டால் எல்லாமே அங்கே நின்றுவிடும். 2015-இல் நடந்தது இதுவே. அந்த வரியின் டிக்கை மட்டும் எடுத்துப் பார்த்து நெட் வந்துவிட்டால், அதற்குரிய மென்பொருளை முழுதாக நீக்கி, புதிய இயங்குதளத்துக்கான பதிப்பை நிறுவுங்கள். வைஃபையும் சேர்ந்து போயிருந்தால் சந்தேகம் இந்த அடுக்கின் மேல் இன்னும் வலுவாகத் திரும்ப வேண்டும். இரண்டு வெவ்வேறு கார்டுகளின் டிரைவர்கள் ஒரே நாளில் பழுதாவது அரிது.

கடைசி அடுக்கு டிஎன்எஸ். 'பிங் 8.8.8.8' என்று கொடுத்தால் பதில் வருகிறது, தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால் இணைப்பு இருக்கிறது; பெயரை எண்ணாக மாற்றித் தருபவர்தான் இல்லை. ஈதர்நெட்டின் ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக எது எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, பழைய அலுவலகத்தின் முகவரியோ நீக்கப்பட்ட விபிஎன் விட்டுப்போன முகவரியோ இருந்தால் தானியங்கி என்று மாற்றுங்கள். இது நிமிட வேலை.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வரிசைதான், ஆனால் அடையாளங்கள் வேறு. உபுண்டுவில் அப்கிரேடுக்குப் பின் வைஃபை வேலைசெய்து லேன் மட்டும் வேலைசெய்யாத நிலை பலரைக் குழப்பியிருக்கிறது. வைஃபை வருகிறதே, அப்படியானால் லேன் துளைதான் செத்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. டெர்மினலில் 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ்' என்று கொடுத்துப் பாருங்கள். லேன் கார்டுக்கு எதிரே 'அன்மேனேஜ்டு' என்றிருந்தால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. உபுண்டு தரும் நெட்ஒர்க் மேனேஜர் அமைப்புக் கோப்பு ஒன்றில், வைஃபை, மொபைல் இணைப்புகளைத் தவிர மற்றவற்றை நெட்ஒர்க் மேனேஜர் கவனிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். டெஸ்க்டாப்பைப் புதிதாக நிறுவும்போது, நெட்பிளான் என்ற நெட்ஒர்க் அமைப்புக் கருவியின் கோப்பு ஒன்று கூடவே வந்து, எல்லாவற்றையும் நெட்ஒர்க் மேனேஜரிடம் ஒப்படைத்துவிடும். நெட்பிளான் 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பிலிருந்துதான் இயல்பானது. அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து படிப்படியாக ஏறிவந்த கணினிகளில் அந்தக் கோப்பு இல்லாமல் போகலாம். அப்போது முதல் கோப்பின் விலக்கு மட்டும் செயல்பட்டு, லேன் அநாதையாக நிற்கும். நெட்பிளான் கோப்பில் ரெண்டரர் என்பதற்கு நெட்ஒர்க் மேனேஜர் என்று எழுதி அமல்படுத்தினால் போதும். இதற்கு டிரைவரைத் தேடி அலைந்தால் ஒரு வாரம் வீண்.

பெயர் மாறுவதும் லினக்ஸில் அதிகம். முன்பெல்லாம் முதல் லேன் கார்டு என்றால் இடிஹெச்0. சிஸ்டம்டி என்ற லினக்ஸ் மென்பொருளின் 2013-இல் வெளியான 197-ஆம் பதிப்பு, கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. இஎன்பி3எஸ்0 போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. கார்டு நன்றாக இருக்கும், டிரைவரும் ஏறியிருக்கும்; அமைப்புக் கோப்பு மட்டும் இல்லாத ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். 'ஐபி லிங்க்' கட்டளை காட்டும் பெயரையும் கோப்பில் உள்ள பெயரையும் ஒப்பிட்டாலே விடை தெரியும். பட்டியலில் கார்டே வரவில்லை என்றால் மட்டும் டிரைவரைத் தேடுங்கள். உபுண்டுவில், புதிய கெர்னலுக்குரிய 'லினக்ஸ் மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா' தொகுப்பு நிறுவப்படாமல் விடுபட்டால் பல டிரைவர்கள் இல்லாமல் போகும். ரியல்டெக் கார்டுகளுக்குக் கெர்னலோடு வரும் டிரைவர் ஆர்8169. அதற்குப் பதிலாக ரியல்டெக்கின் ஆர்8168-ஐ நிறுவியவர்களுக்கு, அந்தத் தொகுப்பு ஆர்8169-ஐத் தடுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். புதிய கெர்னலுக்கு ஆர்8168 உருவாகாமல் போனால் இரண்டும் இல்லாத நிலை. பழைய தொகுப்பை நீக்கினால் கெர்னலின் டிரைவர் திரும்ப வந்துவிடும். எதிலும் சந்தேகம் தீராவிட்டால், கணினி தொடங்கும்போது கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் நெட் வந்தால் குற்றம் புதிய கெர்னலின் பக்கம் என்பது உறுதி.

இவ்வளவு எதற்கு, விண்டோஸில் 'நெட்ஒர்க் ரீசெட்' என்று ஒரே பொத்தான் இருக்கிறதே என்பது வலுவான ஆட்சேபம். 2016-இல் வந்த விண்டோஸ் 10 1607 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. எல்லா நெட்ஒர்க் கார்டுகளையும் நீக்கி மறுபடி பொருத்தி, அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும். அமைப்புகள் சிக்கியிருந்தால் அது வேலைசெய்யும்; மறுக்கவில்லை. ஆனால் அது மறுபடி பொருத்துவது கையிருப்பில் உள்ள அதே டிரைவரைத்தான். டிரைவர் இல்லாததோ பொருந்தாததோ காரணமாக இருந்தால் ரீசெட்டுக்குப் பின்னும் நிலைமை மாறாது. கூடவே நிலையான ஐபி, விபிஎன் அமைப்புகள் போய்விடும், எது காரணம் என்று காட்டியிருக்கக்கூடிய தடயங்களும் அழிந்துவிடும். அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அழுத்தும் முன் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' காட்டுவதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடுமே என்பது அடுத்த ஆட்சேபம். வடிகட்டிகளும் தவறான அமைப்புகளும் போகும், உண்மைதான். லேன் டிரைவர் மட்டும் தானாக வந்துவிடாது. விண்டோஸ் 11 ஹோமைப் புதிதாக நிறுவும்போது, நெட் இணைப்பு இல்லாமல் வழக்கமான முறையில் அமைப்பை முடிக்கவே விடாது. வைஃபை இல்லாத மேசைக் கணினியில் லேன் டிரைவரும் இல்லையென்றால், முன்பு நெட் மட்டும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கணினி இப்போது முகப்புத் திரைக்கே வராமல் நிற்கும். பழைய பதிப்புக்கே திரும்பிவிடுவது இதைவிட நல்ல வழி. விண்டோஸ் 11-இல் அமைப்புகளின் 'ரெக்கவரி' பகுதியில் 'கோ பேக்' என்ற வசதி வழக்கமாக 10 நாள் வரை இருக்கும். வேலை முடங்கிக் கிடக்கும் அலுவலகம், கோளாறைத் தேடுவதில் அந்த 10 நாளையும் கரைத்துவிடாமல், ஓரிரு நாளில் முடிவெடுக்க வேண்டும். ஆனால் திரும்பிப்போவது தள்ளிப்போடுவதுதான். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்றில்லாவிட்டாலும் பிறகு ஏறத்தான் வேண்டும்.

எனவே இன்னும் அப்கிரேடு செய்யாதவர்களிடம் ஒரு வேண்டுகோள். நெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் லேன் கார்டுக்குரிய டிரைவரை இறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டுவையுங்கள். ஐபி, டிஎன்எஸ் முகவரிகளையும் மேக் முகவரியையும், டயல் செய்யும் இணைப்பாக இருந்தால் யூசர்நேம், பாஸ்வேர்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய விபிஎன் மென்பொருளையும் வேறு நிறுவன ஆன்டிவைரஸையும் நீக்கிவிடுங்கள். புதிய இயங்குதளம் வந்த பிறகு மறுபடி நிறுவிக்கொள்ளலாம். லினக்ஸ் என்றால் வெளியீட்டுக் குறிப்பில் நெட்ஒர்க் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். அதைச் செய்து முடித்துவிட்டு அப்கிரேடைத் தொடங்குங்கள்.